சுருள்வில்லும் சுழல்தட்டும்: மலையகத்தில் இசைத்தட்டுக் கருவியின் இயக்கமுறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைத்தட்டுக் கருவியின் வரலாற்றை எழுதுவோர் அதனை ஓர் ஏணியாகக் கண்டு எழுதுவதே வழக்கமாக உள்ளது. கையாற் சுழற்றிய கருவி முதற்படி. சுருள்வில் இயக்கம் அடுத்த படி. மின்மோட்டரும் இறப்பர்ச் சக்கரமும் மூன்றாவது. பட்டி இயக்கம் நான்காவது. மோட்டரின் அச்சே தட்டின் அச்சாக அமையும் நேரியக்கம் ஐந்தாவது. ஒவ்வொரு படியும் முந்தியதைக் கழித்துவிட்டு மேலே சென்றது என்பது இவ்வரலாற்றின் உட்கிடை. இக்கருவிகள் செய்யப்பட்ட சுவிண்டன், சென்குரோ, ஒசாகா ஆகிய இடங்களிலிருந்து நோக்குமிடத்து இஃது ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் கருவிகள் செய்யப்பட்ட இடத்தின் வரலாறும் அவை பயன்பட்ட இடத்தின் வரலாறும் ஒன்றல்ல. நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கும் அக்கரைப்பத்தனைக்கும் இடையே அக்ரா ஓயாவின் கரைகளில் அமைந்த லிந்துலைப் பள்ளத்தாக்கை மனத்திற்கொண்டு இதே வரலாற்றைப் படித்தால் ஏணி குலைந்துபோகின்றது. அங்கு எந்தக் கருவி எந்த வீட்டில் ஓடியது என்பதைத் தீர்மானித்தது புதுமையன்று. அந்த வீட்டுக்கு எந்த ஆற்றல் வந்து சேர்ந்தது என்பதே.

முதலிற் கருவியின் அமைப்பைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் உலோக வட்டத்தை இக்கட்டுரையிற் சுழல்தட்டு எனக் குறிப்பிடுகின்றேன். அது செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று: மாறா வேகத்திற் சுழல்வது. வேகம் குறைந்தாற் பாட்டின் சுருதி இறங்கும், கூடினால் ஏறும். நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டிய தட்டு எழுபத்துமூன்றரை முறையே சுழன்றால் முழுப் பாட்டும் ஏறத்தாழ அரைச்சுரம் கீழே போய்விடும். நிலையாக அரைச்சுரம் இறங்கியிருந்தாற் கேட்போர் பொறுத்துக்கொள்வர்; ஒரு சுற்றுக்குள்ளேயே ஏறியும் இறங்கியும் அசைந்தால் எவராலும் பொறுக்க முடியாது. நீண்டிழுக்கும் நாதசுர ஒலியில் இவ்வசைவு உடனே வெளிப்படும். எனவே சுழல்தட்டை எப்பொருளாற் செய்வது, அதனை எவ்வாறு இயக்குவது என்னும் இரு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு பாதிகளாகும். பாரமான தட்டு தன் சடத்துவத் திருப்பத்தால் வேகமாற்றத்தை எதிர்க்கும். அப்பாரம் மையத்தை விட்டு விளிம்பில் நின்றால் அவ்வெதிர்ப்பு மேலும் மிகும். தட்டு இலேசானதாயின் அதே பொறுப்பை இயக்குபொறி ஏற்கவேண்டும்.

தோமஸ் எடிசன் 1877இல் அமைத்த உருளைக் கருவியும், எமில் பெர்லினர் 1887இல் உரிமம் பெற்ற தட்டுக் கருவியும் தொடக்கத்திற் கையாற் சுழற்றப்பட்டவை. சுழற்றுவோரின் கை சோர்ந்தாற் பாடகரின் குரலும் சோர்ந்தது. அமெரிக்காவின் கம்டன் நகரில் ஓர் இயந்திரப் பட்டறை நடத்திவந்த எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் 1896இல் பெர்லினரின் கருவிக்கெனச் சுருள்வில் மோட்டரொன்றைச் செய்து கொடுத்தார். கிராமபோன் வணிகம் உலகெங்கும் பரவ வழிவகுத்தது இப்பொறியே எனலாம்.

இதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். ஏனெனில் மலையகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பொறி இது. கைபிடியைச் சுற்றும்போது நீண்ட உருக்குப் பட்டையொன்று ஓர் உருளைப் பெட்டிக்குள் இறுகச் சுருள்கின்றது. அது விரிய முயலும் விசை பற்சக்கரங்களின் வழியே தட்டின் அச்சைத் திருப்புகின்றது. ஆயின் சுருள்வில்லின் விசை சமமானதன்று. முழுதும் சுற்றிய நிலையில் அது மிகுதி. விரிய விரியக் குறைவு. இதனைத் தனியே விட்டாற் பாட்டு ஓட்டமாகத் தொடங்கித் தள்ளாட்டமாக முடியும். இதைத் தடுப்பதற்கு ஒரு சிறு வேகச்சீராக்கி உண்டு. தொழிலறிந்தோர் அதனைக் கவர்னர் என்றே அழைப்பர். மெல்லிய உருக்குத் தகடுகள் மூன்றின் நடுவே ஒவ்வோர் ஈயக் குண்டு. தகடுகளின் ஒரு முனை அச்சிற் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை அச்சின்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு வட்டத்தோடு பிணைந்திருக்கும். வேகம் கூடினாற் குண்டுகள் வெளியே விரியும், வட்டம் இழுபட்டு ஒரு தோற்துண்டில் உராயும், வேகம் குறையும். குறைந்ததும் குண்டுகள் உள்ளே ஒடுங்கும்; உராய்வு நீங்கும். சுருள்வில் தரும் மிகைவிசை முழுவதையும் இத்தோற்துண்டே தின்று தீர்க்கின்றது. வேகத்தை மாற்றும் திருகு செய்வதெல்லாம் இத்துண்டைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்துவதே. குடியேற்ற நாடொன்றிலே மிகையான வேகத்தை அடக்கும் கருவிக்கும் ஆள்பவருக்கும் ஒரே பெயர் வழங்கியமை கவனிக்கத்தக்கதே. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

கவர்னர் இவ்வாறு பொறுப்பேற்றுக்கொண்டமையாற் கிராமபோனின் சுழல்தட்டு பாரமானதாய் இருக்கவேண்டிய தேவை எழவில்லை. அழுத்தி வடித்த உருக்குத் தகடே போதுமானதாயிற்று. அதன்மேற் கம்பளித் துணி ஒட்டப்பட்டது. பெட்டியாக மடித்துக் கையில் தூக்கிச் செல்லும் கருவிகளில் இவ்விலேசு இன்னும் இன்றியமையாதது. நாய்மார்க் என மக்கள் அழைத்த கொம்பனி 1931இல் வெளியிட்ட 102ஆம் இலக்கப் பெட்டிக் கருவி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் பெருமாற்றமின்றி விற்பனையாயிற்று. ஒரு கையில் அதனையும் மறுகையில் தட்டுகள் அடங்கிய உறையையும் தூக்கிக்கொண்டு ஒருவர் மலைப்பாதையில் நடக்கலாம். வார்ப்பிரும்புத் தட்டுடன் அது முடியாது.

இனி லிந்துலைக்கு வருவோம். ஏறத்தாழ நாலாயிரம் அடியும் அதற்கு மேலும் உயர்ந்த இப்பகுதியில், கோப்பி அழிந்த பின் தேயிலை வேரூன்றியது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. மலையுச்சித் தோட்டங்களுக்குக் கனரக இயந்திரங்கள் வருவதற்கு அது துணையாயிற்று. ஜக்சன் வகைக் கொழுந்து உருட்டும் இயந்திரங்களும், பெல்பாஸ்ற் நகரிலிருந்து டேவிட்சன் கொம்பனி அனுப்பிய சிரொக்கோ உலர்த்திகளும் தொழிற்சாலைகளில் நிறுவப்பட்டன. இவற்றை ஓட்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. ஓடைநீர் குழாய்வழி இறங்கி நீர்ச்சில்லையோ நீர்ச்சுழலியையோ சுழற்றியது. நீர் போதாதவிடத்து எண்ணெய் இயந்திரம் ஓடியது. அச்சுழற்சி தொழிற்சாலையின் முகட்டோரம் நீளும் ஒரு பேரச்சிற்குச் சென்றது. அப்பேரச்சிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டின. தோட்டத்துப் பேச்சில் இயந்திரமும் சில்லும் ரோதை எனப்பட்டன. தொழிற்சாலையில் ரோதைமுனிக்குப் பூசையும் உண்டு.

ஆகவே, பட்டியாற் சுழலும் தட்டு, வேகத்தை அடக்கும் கவர்னர், விளிம்பிற் பாரமேற்றிய பெருஞ்சில்லு ஆகிய கோட்பாடுகள் எவையும் மலையகத் தொழிலாளிக்குப் புதியனவல்ல. இசைத்தட்டுக் கருவியைத் திறந்து பார்க்கும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, தான் நாளெல்லாம் எண்ணெயிட்டுக் காக்கும் இயந்திரங்களின் குட்டியையே அதற்குள் கண்டிருப்பார். இக்கருவிகள் மலைநாட்டில் நீண்டகாலம் பழுதுபார்க்கப்பட்டு வந்தமைக்கு இப்பழக்கமும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

ஆனால் மின்சாரத்தின் கதை வேறு. இலங்கையின் நீர்மின் வரலாறே இம்மலைகளில்தான் தொடங்குகின்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்திற் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தார். நீர்மின்னின் பொருளாதாரப் பயன் பற்றி 1918இல் அவர் பொறியியற் சங்கத்தில் வாசித்த கட்டுரை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. லக்சபான மின்நிலையம் 1950இன் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிற்று. இதனிடையே தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் நூற்றுக்கணக்கான சிறு மின்பொறிகளை அமைத்துக்கொண்டன. அவற்றின் மின்சாரம் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் சென்றது. லயங்களுக்குச் செல்லவில்லை. லக்சபான மின்சாரம் கொழும்புக்கு ஓடியது. அதன் கம்பிகள் லயக்கூரைகளுக்கு மேலாகவே சென்றன. பெரும்பாலான லயங்களுக்கு மின்விளக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசி இரு தசாப்தங்களிலும் அதற்குப் பின்னருமே. 2012இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை தலவாக்கலையிலேயே உள்ளது. அக்ரா ஓயாவின் நீரும் அதிற் சேர்கின்றது.

இப்பின்னணியில் நோக்கினால், சுருள்வில் கிராமபோன் மலையகத்திற் பழைமையின் எச்சமாக நீடிக்கவில்லை என்பது புலனாகும். லயத்தில் ஓடக்கூடிய ஒரே கருவி அதுதான். அதற்கு வேண்டிய ஆற்றல் மனிதக் கையிலிருந்து வந்தது. நாளெல்லாம் கொழுந்து பறித்த கையோ கவ்வாத்துக் கத்தி பிடித்த கையோ மாலையில் அரை நிமிடம் கைபிடியைச் சுற்றினாற் மூன்று நிமிடப் பாட்டு கிடைத்தது. இவ்விடத்திற் பொருளியல் வேறுபாட்டையும் மறந்துவிடலாகாது. நாட்கூலி பெற்ற தொழிலாளி எளிதில் வாங்கக்கூடிய பொருளன்று கிராமபோன். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் போன்றோரின் உடைமையாக அது இருந்தது. அவர்களுடைய வாசலில் நின்று கேட்டவர்களே பலர். இருப்பினும், வாசலில் நின்று கேட்ட பாட்டு வாயில் ஏறி மலைக்குச் சென்றது. அதற்கு எவரும் கட்டணம் கேட்க முடியாது.

கேட்ட பாட்டுகள் கடல் கடந்து வந்தவை. பிரெட் கைஸ்பேர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து இந்திய இசையைப் பதிவு செய்தார். அத்தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவரில் அச்சிடப்பட்டுத் திரும்பிவந்தன. 1908இற் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. 1928இல் டம்டம் தொழிற்சாலை அதன் இடத்தைப் பிடித்தது. தட்டின் மூலப்பொருளான அரக்கும் இந்தியக் காடுகளிலிருந்து வந்ததே. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள், எம். கே. தியாகராஜ பாகவதர் முதலியோரின் குரல்கள் இவ்வழியே பரவின. 1930களிலே ஹற்றனை நிலைக்களமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்ட மக்களின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளிலேயே அவர் சொற்களை அமைத்தார். அறிந்த மெட்டு என்பது எவ்வாறு அறியப்பட்டது? நாடகக் கொட்டகை இல்லாத மலைமேல் மெட்டுகள் பரவியமையிற் சுருள்வில் மோட்டருக்கும் ஒரு பங்கு இருந்திருத்தல் வேண்டும். ஒரு குறையையும் ஈண்டுச் சுட்டவேண்டும். எடிசனின் உருளைக் கருவி கேட்கவும் பதியவும் வல்லது. கிராமபோன் கேட்பிக்க மட்டுமே வல்லது. மலைக்குப் பாட்டைக் கொண்டுவந்த அக்கருவியால் மலையின் தெம்மாங்கை எடுத்துச் செல்ல இயலவில்லை. அப்பணியைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் எழுதுகோலாற் செய்யவேண்டியதாயிற்று.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கொம்பனி நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே காற்சுற்று எனத் தோராயமாகச் சொல்லப்படும் நெடுந்தட்டை (கணக்காகச் சொன்னால் முப்பத்துமூன்றும் மூன்றிலொன்றும்) வெளியிட்டது. மறு ஆண்டில் 45 சுற்றுத் தட்டும் வந்தது. ஏணி வரலாற்றின்படி 78 சுற்றுத் தட்டின் காலம் இத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் அது 1960களின் இறுதி வரையும் அச்சிடப்பட்டது. பீற்றில்சின் பாடல்களைக்கூட இந்தியக் கொம்பனி 78 சுற்று அரக்குத் தட்டுகளாக வெளியிட்டமை இன்று சேகரிப்பாளருக்கு வியப்புத் தருகின்றது. மின்சாரமற்ற ஊரின் நிலையிலிருந்து பார்ப்பவருக்கு இதில் வியப்பில்லை. நெடுந்தட்டின் பள்ளம் பழைய தட்டின் பள்ளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அகலமே உடையது. கிராமபோனின் ஒலிப்பெட்டியோ நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்துடன் உருக்கு ஊசியைத் தட்டில் அழுத்துவது. அவ்வூசி நெடுந்தட்டை ஒருமுறை உழுதாற் போதும், தட்டு பாழ். ஊசியின் பாரத்தைக் குறைத்தால் ஒலி குறையும். குறைந்த ஒலியைப் பெருக்க மின்சாரம் வேண்டும். ஆக, புதிய தட்டு விலையால் மட்டுமன்றி ஆற்றலாலும் லயத்துக்கு எட்டாததாயிற்று. இயக்கமுறையே இசைத்தட்டின் ஆயுளைத் தீர்மானித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்காலத்தில் மின்சாரம் உள்ள இடங்களில் நிகழ்ந்த மாற்றத்தை இனிக் காண்போம். 1915இல் தொடங்கப்பெற்ற கரார்ட் கொம்பனி, தன் தொடக்ககாலத்திற் கிராமபோன்களுக்குச் சுருள்வில் மோட்டர் செய்து கொடுத்ததே. அக்கொம்பனி 1950களின் நடுப்பகுதியில் 301ஆம் இலக்கக் கருவியை வெளியிட்டது. அதில் நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும் தூண்டல் மோட்டரின் அச்சிலே படிப்படியான விட்டங்களையுடைய ஒரு கப்பி உண்டு. இறப்பர் விளிம்புடைய இடைச்சக்கரமொன்று ஒருபுறம் இக்கப்பியையும் மறுபுறம் சுழல்தட்டின் உள்விளிம்பையும் தொட்டு நின்று சுழற்சியைக் கடத்துகின்றது. சக்கரத்தைக் கப்பியின் வேறு படிக்கு நகர்த்தினால் வேகம் மாறும். பாரமான ஊசி எவ்வளவு இழுத்தாலும் தளராத முறுக்கு இம்முறைக்கு உண்டு, தொட்டவுடன் வேகமெடுக்கும். ஒலிபரப்பு நிலையங்கள் இதனை விரும்பியது அதனாலேயே. இதன் தீமை, மோட்டரின் அதிர்வையும் அதே சக்கரம் தட்டுக்குக் கடத்திவிடுவது. பாட்டின் அடியில் தூரத்து இடிபோன்ற ஓர் உறுமல் கேட்கும். கருவியை நிறுத்தியபின் சக்கரத்தை அழுத்திய நிலையிலேயே விட்டால் இறப்பரிற் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். உலகுக்கு இறப்பர் அளித்த நாட்டில் ஒரு சிறு இறப்பர்ச் சக்கரம் கிடைக்காமற் கருவிகள் முடங்கிக் கிடந்தமை வருந்தத்தக்கது.

சுழல்தட்டின் பொருள் மாறியதும் இக்கட்டத்திலேதான். மின்முறையில் ஒலியை எடுக்கும் தலையில் ஒரு காந்தம் இருக்கின்றது. இரும்பு அல்லது உருக்குத் தட்டு அக்காந்தத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். ஊசியின் பாரம் கூடும். மோட்டரின் காந்தப்புலமும் தட்டின்வழி தலையை எட்டி இரைச்சலாகும். எனவே வார்த்துக் கடைந்த அலுமினியத் தட்டுகள் இடம்பிடித்தன. அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாதது. அதிர்வில் மணிபோல் ஒலிப்பதால் மேலே இறப்பர் விரிப்பு வேண்டியதாயிற்று. இசைப்பெட்டிகள் செய்து புகழ்பெற்ற சுவிற்சர்லாந்தின் தொரன்ஸ் கொம்பனி 1957இல் வெளியிட்ட 124ஆம் இலக்கக் கருவி, நாலரைக் கிலோகிராம் அளவான இரும்புத் தட்டையும், பட்டி, இடைச்சக்கரம் ஆகிய இரண்டையும் ஒருங்கே கொண்டது. சடத்துவத் திருப்பத்துக்கு இரும்பு நல்லது, காந்தத்துக்குத் தீயது. பின்னர் அக்கொம்பனியே நாகக் கலப்புலோகத்துக்கு மாறியது.

வேகத்தைச் சரிபார்க்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டின் விளிம்பிற் சம இடைவெளியிற் கோடுகள் பொறித்து, அவற்றை மின்விளக்கின் ஒளியிற் பார்ப்பது வழக்கம். நமது நாட்டு ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்று. விளக்கு செக்கனுக்கு நூறு தடவை, நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை துடிக்கும். 77 கோடுகள் கொண்ட வளையம் அவ்வொளியில் அசையாது நிற்பதுபோல் தோன்றினாற் தட்டு நிமிடத்துக்கு 77.92 முறை சுழல்கின்றது என்பது பொருள். அழகான முறை; ஆனால் மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் இவ்வாறு துடிப்பதில்லை. லயத்தில் இவ்வளையம் வெறும் கோலம். அங்கு தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனைமுறை அது கடந்து செல்கின்றது என எண்ணுவதே வழி. காதை நம்பித் திருகை நகர்த்துவது அதனினும் எளிய வழி.

மின்மோட்டருக்கு மாறியபோது நிகழ்ந்த மற்றொரு மாற்றத்தைக் கருவிநூல்கள் பேசுவதில்லை. சுருள்வில் கருவியிற் கவர்னர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆடலோட்ட மோட்டரின் வேகமோ பெரிதும் மின்னோட்டத்தின் மீடிறனைப் பொறுத்தது. மீடிறனை நிர்ணயிப்பது மின்பிறப்பாக்கியின் வேகம். அதனை அடக்குவது நீர்ச்சுழலியிலோ எண்ணெய் இயந்திரத்திலோ பூட்டிய வேறொரு கவர்னர். எனவே கவர்னர் மறைந்துவிடவில்லை. வீட்டை விட்டு வெளியேறி, முதலிற் தொழிற்சாலைக்கும் பின்னர் லக்சபானவுக்கும் போய்விட்டது. தோட்டத்துத் தனி மின்பொறியில் ஓடிய பங்களாக் கருவி, தொழிற்சாலையில் ஒரு பெரும் இயந்திரம் பூட்டப்பட்ட கணத்தில் தளர்ந்திருக்கும். அமெரிக்காவின் 60 சுற்று மின்னோட்டத்துக்கெனக் கப்பி அமைத்த கருவியை இங்கு கொண்டுவந்து ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகமே கிடைக்கும். பெண்குரல் ஆண்குரலை நோக்கி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

இதனைத் தோட்ட மக்கள் நேரில் அறிந்த இடம் திருவிழாக் களம். மாரியம்மன் தேரின்போது ஒலிபெருக்கிக்காரர் கருவியையும் ஒலிபெருக்கியையும் பெற்றோல் மின்பிறப்பாக்கி ஒன்றில் ஓட்டுவார். மரத்தில் கட்டிய புனல்கள் அடுத்த மலைக்கும் பாட்டைச் சேர்க்கும். தேரின் அலங்கார விளக்குகளைப் போட்டவுடன் பிறப்பாக்கி ஒரு கணம் முனகும். அதனோடு பாடகரும் முனகுவார். பிறகு பிறப்பாக்கியின் கவர்னர் விழித்துக்கொள்ளும். சுருதி மெல்ல மேலேறித் தன் இடத்தை அடையும். பாட்டுப் பிடித்தவர்கள் விளக்கைப் போட்டவனைத் திட்டுவார்கள்.

பற்றரியில் இயங்கும் கருவி 1960களிலும் 1970களிலும் வந்தது. திரான்சிஸ்ரரின் வருகையால் உலர்மின்கலங்களைக் கொண்டே ஒலியைப் பெருக்க முடிந்தது. இந்தியாவில் நாய்மார்க் கொம்பனி விற்ற பியெஸ்ரா இவ்வகையிற் பெயர்பெற்றது. இலேசான சுழல்தட்டு, சிறிய நேரோட்ட மோட்டர், மெல்லிய இறப்பர்ப் பட்டி. இத்தகைய சிறு மோட்டர்கள் பலவற்றின் உள்ளே ஒரு சோடித் தொடுகை உண்டு. வேகம் மிகுந்தால் அது விலகி மின்னோட்டத்தை அறுக்கும், குறைந்தால் மீண்டும் கூடும். பழைய ஈயக் குண்டுகளின் வேலையையே அது செய்தது. கவர்னர் இவ்வாறு வீட்டுக்குத் திரும்பி வந்தது எனலாம். 45 சுற்றுத் தட்டும் நெடுந்தட்டும் லயக் காம்பராவுக்குள் நுழையக்கூடிய காலம் இதுதான்.

ஆனால் அந்தக் காலம் எத்தகையது? 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரைப் பற்றி 1964இற் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. 1974இல் எஞ்சிய 150,000 பேரும் இரு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1973, 1974ஆம் ஆண்டுகளிற் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் வாடினர். உணவில்லாத வீட்டிற் பற்றரிக்குப் பணம் ஏது? பயணப்பட வேண்டியவர் வீட்டுப் பொருளை விற்றாக வேண்டும். அரக்குத் தட்டோ தலைமன்னார்க் கப்பலுக்குள் ஏறுமுன்பே உடையக்கூடியது. 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்தபோது கடைகளுக்கு வந்தவை கசெற் ஒலிப்பதிவுக் கருவிகள். அவை கேட்பிக்கவும் பதியவும் வல்லவை. இசைத்தட்டின் வரலாறு அவ்விடத்தில் மலையகத்தைப் பொறுத்தமட்டில் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

ஏணியின் கடைசி இரு படிகளை மலையகம் பெரும்பாலும் மிதிக்கவேயில்லை. ஆதலால் அவற்றைச் சுருங்கக் கூறுவது போதும். ஊசியின் பாரம் இரண்டு மூன்று கிராமாகக் குறைந்தபோது பெரும் முறுக்கு தேவையற்றதாயிற்று. 1961இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் வெளியிட்ட கருவியில், கடிகார மோட்டரளவான ஒரு சிறு மோட்டர் இறப்பர்ப் பட்டியாற் தட்டைச் சுழற்றியது. அதிர்வைப் பட்டியே விழுங்கிக்கொண்டது. பின்னர் கண்ணாடித் தட்டும் அக்றிலிக் தட்டும் வந்தன. ஒசாகாவின் மற்சுசிற்றா கொம்பனி 1970இல் டெக்னிக்ஸ் என்னும் பெயரில் நேரியக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டரே நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று அளவில் மெதுவாகச் சுழல்வதால் இடையிற் பட்டியும் இல்லை, சக்கரமும் இல்லை. 1972இல் வந்த 1200ஆம் இலக்கக் கருவியை நியூயோர்க்கின் கறுப்பின இளைஞர்கள் காலப்போக்கிற் கையாற் தட்டைப் பிடித்தும் பின்னோக்கி இழுத்தும் வாசிக்கும் இசைக்கருவியாகவே ஆக்கிக்கொண்டனர். அதற்காக அவர்கள் இறப்பர் விரிப்பை எடுத்துவிட்டுக் கம்பளித் துணியை விரித்தார்கள். கிராமபோனின் தகட்டுத் தட்டில் ஒட்டியிருந்த அதே துணி.

இன்று பழைய தட்டுகளைக் கணினியிற் பதிந்து காக்கும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. வரவேற்கத்தக்க பணி. ஆயின் பதிவோர் பலர் நேரியக்கக் கருவியிற் தட்டை வைத்துச் சரியாக 78 என்ற வேகத்திற் சுழற்றுகின்றனர். தொடக்ககாலத் தட்டுகள் யாவும் 78 சுற்றில் பதிவானவையல்ல. எழுபதை ஒட்டியும் எண்பதைத் தாண்டியும் பதிவானவை உள. அதனாலேயே கிராமபோனில் வேகத் திருகு அமைந்தது. பாடகரின் உண்மையான சுருதி எது என்னும் வினாவுக்கு இசையறிஞர் விடைகாண முயல்கின்றனர். கேட்ட மக்களின் காதில் விழுந்த சுருதி எது என்பது வேறொரு வினா. அதற்கு விடை தட்டில் இல்லை, பெட்டியில் இருக்கின்றது. வேகத் திருகு நெடுங்காலம் நின்ற இடம், தோற்துண்டில் உராய்ந்து தேய்ந்த ஆழம், சுருள்வில்லின் தளர்ச்சி ஆகியவற்றை அளந்தால் ஒரு வீட்டில் அக்கருவி எவ்வேகத்தில் ஓடியது என்பதை ஓரளவு கணிக்கலாம். ஆனால் பழைய பெட்டிகளை வாங்குவோர் முதலிற் செய்வது, வெளியே மெருகேற்றிவிட்டு உள்ளே புதிய தோலும் புதிய வில்லும் மாற்றுவதுதான். மெருகில்லாப் பெட்டியை எவரும் காட்சிக்கு வைப்பதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் மலையகப் பொருட்பண்பாட்டைத் தொகுக்க முற்படும்போது, மூடியைத் திறந்து சுழல்தட்டை மேலே தூக்கி எடுத்து, அடியிலுள்ள கவர்னரைத் தொடாமற் படம்பிடித்து அளவெடுத்த பின்னரே துடைக்கும் துணியைக் கையில் எடுத்தல் வேண்டும். காய்ந்துபோன தோற்துண்டு கிரீச்சிடும். ஒரு துளி எண்ணெய் விட்டாற் போதும், ஓடும்.